உயிர் காலேஜ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அல்லது திருவள்ளூரிலிருந்து தினமும் சென்னைக்கு வந்து போகிறவரா? அப்படியென்றால் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமில்லை. சென்ட்ரலை ஒட்டி, உங்கள் லோக்கல் ரயில் வந்து மூச்சு வாங்கும் இடம். இறங்கியதும் ஓடுவீர்கள். நின்று பார்க்க யாருக்கு நேரம்?

ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பூங்கா. 116 ஏக்கர். குளங்கள், நிழல் சாலைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை. கூடவே புலி, கரடி, குரங்கு, பாம்பு. புறநகர் ரயிலின் ஹாரன் சத்தம் கேட்கும் தூரத்தில் சிங்கம் கர்ஜித்துக்கொண்டிருந்தது. ரொம்பப் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது சொச்சம் வருடங்களுக்கு முன்புவரை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போக நினைத்தால் நீங்கள் என்ன செய்யவேண்டும்? கும்மிடிப்பூண்டியிலிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டர் ரயிலில் வந்து, சாலையைக் கடந்து, பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயில் பிடித்து, தாம்பரத்தையும் தாண்டி வண்டலூர் போகவேண்டும். உங்கள் அப்பா சின்ன வயதில் வந்தபோது முதல் ரயிலோடு வேலை முடிந்தது. இறங்கினால் புலி.

நடுவில் என்ன நடந்தது? மிருகங்கள் ஏன் ஊரை விட்டுப் போயின? அவற்றைப் போகவைத்ததில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். முதல் பக்கத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார்.

எட்வர்ட் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ டாக்டராக இந்தியா வந்தவர். வந்த வேலை ஊசி, மருந்து, ஆபரேஷன். ஆனால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. கல் சேர்ப்பார், செடி சேர்ப்பார், பாரசீகம் படிப்பார், உருதுவில் எழுதுவார். பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்தார். மெட்ராஸில் பெண்களும் டாக்டருக்குப் படிக்கலாம் என்று 1870-களில் கதவு திறந்ததே, அதற்கும் பின்னால் நின்று தள்ளியவர்களில் இவர் ஒருவர்.

1851-ல் மெட்ராஸில் அரசாங்க மியூசியம் தொடங்கியபோது, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. எங்கே தொடங்கினார்கள் தெரியுமா? இன்றைய டி.பி.ஐ. வளாகம் இருக்கும் கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். முதலீடு, சுமார் 1,100 கற்கள். விதவிதமான பாறை மாதிரிகள். மெட்ராஸ் இலக்கியக் கழகம் கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். ஊர்ச்சனம் வேலையை விட்டுவிட்டு வந்து கல்லையா பார்க்கும்?

பார்த்தது. ஓரளவுக்கு. கல்லோடு பாடம் செய்த பறவைகள், எலும்புக்கூடுகள், பாட்டிலில் ஊறும் ஜந்துக்கள் எல்லாம் சேர்ந்தன. இடம் போதாமல் 1854-ல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மியூசியம் குடிபோனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அங்கே போனபிறகுதான் பால்ஃபர் ஒரு காரியம் செய்தார். பாடம் செய்த மிருகங்களுக்குப் பக்கத்தில் உயிரோடு ஒரு புலியையும், ஒரு சீட்டாவையும் கொண்டுவந்து வைத்தார். (சீட்டா என்பது அவர்கள் எழுதிவைத்த பெயர். சிறுத்தையையும் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் சீட்டா என்றுதான் எழுதுவார்கள்.)

அவ்வளவுதான். கூட்டம் அம்மியது. கல் பார்க்க வராதவர்கள் எல்லாம் புலி பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் போகிற வழியில் கல்லையும் பார்த்தார்கள். வியாபாரத்தில் இதற்குப் பெயரே உண்டு. ஒரு சரக்கைக் காட்டி இன்னொரு சரக்கை விற்பது. பால்ஃபர் வணிகவியல் படித்தவரில்லை. ஆனால் சந்தையைப் புரிந்துவைத்திருந்தார்.

ஒரு புலிக்கே இவ்வளவு கூட்டம் என்றால், ஒரு மிருகக்காட்சி சாலையே வைத்துவிட்டால்?

மிருகங்களுக்கு எங்கே போவது? அதற்கும் பதில் பக்கத்திலேயே, சேப்பாக்கத்தில் இருந்தது. கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான். நவாப் என்றால் பட்டம் மட்டும்தான். அதிகாரமெல்லாம் 1801-லேயே கம்பெனியின் கைக்குப் போயாகிவிட்டது. மிச்சமிருந்தது ஓர் அரண்மனை, மானியத் தொகை, கவிஞர்கள், கடன். கூடவே ஒரு மிருகச் சேகரிப்பு. ராஜா என்று இருந்தால் புலிக்கூண்டு வேண்டும். அன்றைய வழக்கம் அது.

பால்ஃபர் நவாபிடம் கேட்டார். நவாப் தன் சேகரிப்பை மொத்தமாகக் கொடுத்துவிட்டார்.

இப்படித்தான் 1855-ல், மியூசியம் வளாகத்தில் மெட்ராஸின் மிருகக்காட்சி சாலை பிறந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்காக நடத்தப்பட்ட மிகப் பழைய மிருகக்காட்சி சாலைகளில் ஒன்று. திருவனந்தபுரம் 1857. கல்கத்தாவின் அலிப்பூர் 1870-களில். மைசூர் 1892. லண்டன் மிருகக்காட்சி சாலையே 1828-ல் திறந்தாலும், சாதாரண ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே நுழைய 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை விஞ்ஞானிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் அவர்கள் தயவு பெற்றவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. மெட்ராஸில் அந்தக் காத்திருப்பே கிடையாது. ஒரே வருடத்தில் மிருகங்களின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது.

ஆனால் கொடுத்த நவாப்?

அதே 1855, அக்டோபர் மாதம். குலாம் கௌஸ் கான் இறந்துபோனார். வயது முப்பது சொச்சம். நேரடி ஆண் வாரிசு இல்லை. வாரிசு இல்லாத ராஜ்ஜியம் கம்பெனிக்கு என்று டல்ஹௌசி ஒரு சட்டம் வைத்திருந்தார் அல்லவா? நவாப் பட்டம் ரத்து. 1859-ல் சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. யார் எடுத்தார்கள்? அரசாங்கமே எடுத்துக்கொண்டது. நவாப் வைத்துவிட்டுப்போன கடன்களை ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். அந்தக் கமிஷனில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களில் ஒருவர் எட்வர்ட் பால்ஃபர்.

அரண்மனை ஏலம் போனது. பட்டம் போனது. மிருகங்கள் மட்டும் தப்பித்தன. அவை ஏற்கெனவே ஜனங்களின் சொத்தாகிவிட்டிருந்தன.

சரி, பூங்காவுக்கு வருவோம்.

1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன் மெட்ராஸ் கவர்னராக வந்தார். விசித்திரமான மனிதர். அயர்லாந்தில் இவர் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள். 1840-களில் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தபோது, லண்டனில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்த அதிகாரி இவர்தான். ஆனால் மெட்ராஸுக்கு வந்தவர், இந்த நெரிசல் ஊருக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே திறந்தவெளி. வளைத்துப் போட்டார். பேர் என்ன வைத்தார்? தன் பேர் இல்லை. ராணி பேர் இல்லை. பீப்பிள்ஸ் பார்க். ஜனங்களின் பூங்கா.

பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று தினமும் சொல்கிறோமே, எந்தப் பார்க் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இந்தப் பார்க்தான்.

பூங்கா வளர்வதைப் பார்க்க ட்ரெவெல்யனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1860-ல் கல்கத்தாவில் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரி கொண்டுவந்தார். ட்ரெவெல்யனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை ரகசியக் குறிப்பாக எழுதி அனுப்பியிருந்தால் பிரச்னை இல்லை. மனிதர் அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கவர்னர் மேலிடத்து வரிக் கொள்கையைப் பேப்பரில் போட்டு விமரிசிப்பதா? லண்டன் கோபத்தோடு திரும்ப அழைத்துக்கொண்டது. பதவியில் இருந்தது ஒரு வருடம் சொச்சம்தான். வரித் தாக்கலுக்கு அலைகிறவர்கள் ட்ரெவெல்யனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் போனாலும் பூங்கா நின்றது. 1860-களின் தொடக்கத்தில் எழும்பூரிலிருந்த மிருகங்கள் இங்கே இடம் மாறின. மியூசியத்திலிருந்து நகராட்சியின் பொறுப்புக்கு வந்தன.

இங்கேதான் மெட்ராஸ் பாஷை தன் வேலையைக் காட்டியது. மிருகக்காட்சி சாலை மியூசியத்தில் பிறந்த பிள்ளை. மியூசியம் பிறந்த வீடு ஒரு காலேஜ். ஜனங்கள் அதை மறக்கவில்லை. எழும்பூரில் பாடம் செய்த மிருகங்கள் இருக்கும் இடம், செத்த காலேஜ். பூங்காவில் மிருகங்கள் நடமாடும் இடம், உயிர் காலேஜ். எந்தப் பேராசிரியரும் வைக்காத பேர். எந்த கெஜட்டிலும் வராத பேர். ஆனால் வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி, ரிக்‌ஷாக்காரரிடம் 'உயிர் காலேஜ்' என்றால் போதும். நூறு வருடத்துக்குமேல் புழக்கத்தில் இருந்தது. பட்டணம் பார்க்கப் போகிற கிராமத்துக் குடும்பத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. பீச், செத்த காலேஜ், உயிர் காலேஜ். 1959-க்குப் பிறகு எல்.ஐ.சி. கட்டடமும் சேர்ந்துகொண்டது.

பெயரை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். உயிர் காலேஜ். எழுதப் படிக்கத் தெரியாதவரும் போய் வரக்கூடிய ஒரு காலேஜ் அது.

ஆனால் ஊர் நடுவில் 116 ஏக்கர் சும்மா இருந்தால் யாருக்குத்தான் கண் உறுத்தாது?

பூங்காவுக்கு வருடா வருடம் ஒரு திருவிழா நடக்கும். பார்க் ஃபேர். 1886 டிசம்பர் 31. புது வருடத்தை வரவேற்கக் கூட்டம் கூடியிருந்த வேளையில் கொட்டகைகளில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். சென்னையின் வரலாற்றில் மிகக் கொடூரமான தீ விபத்துகளில் ஒன்று. இன்றைக்கு அந்த இடத்தைக் கடந்து போகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அது தெரியாது.

பூங்காவையே விழுங்கிய தீ வேறு. அதற்குப் புகை கிடையாது. 1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹாலுக்காக ஒரு துண்டு போனது. 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு. பிறகு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். நாடகம் பார்க்க ஹால் வேண்டாமா? மார்க்கெட் வேண்டாமா? மாநகராட்சிக்கு ஆபீஸ் வேண்டாமா? விளையாட மைதானம் வேண்டாமா? தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் பூங்காவைக் காணோம். மை லேடீஸ் பார்க் என்று ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் ஒரு மிச்சம் இருக்கிறது. லில்லி பாண்ட் என்று ஒரு வணிக வளாகம் இருக்கிறது. பெயரில் மட்டும் அல்லிக்குளம்.

பூங்கா சுருங்கச் சுருங்க மிருகங்களும் நெருங்கி உட்கார்ந்தன. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் பஸ், லாரி. சுற்றிலும் புகை. நடுவில் கம்பி போட்ட கூண்டு.

உலகத்தில் மற்ற இடங்களில் கூண்டு பழைய சமாசாரமாகிவிட்டிருந்தது. ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் என்றொரு மிருக வியாபாரி இருந்தார். ஊர் ஊராக மிருகம் விற்றவர். அவருக்கு ஒரு யோசனை. மிருகத்துக்கும் மனிதனுக்கும் நடுவே கம்பி எதற்கு? மிருகம் தாண்ட முடியாத அகலத்தில் ஒரு அகழி வெட்டினால் போதாதா? 1907-ல் ஹாம்பர்க் பக்கத்தில் கம்பியில்லாத ஒரு மிருகப் பூங்காவைத் திறந்தார். சிங்கம் தாண்டக்கூடிய தூரம் எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து பார்த்துத்தான். அதன்பிறகு உலகத்தில் கட்டப்பட்ட நல்ல மிருகக்காட்சி சாலைகள் எல்லாம் ஹாகன்பெக்கின் வழியில் வந்தவை.

ஆனால் அகழி வெட்ட இடம் வேண்டும். பார்க் டவுனில் இடம் எங்கே இருந்தது?

1976-ல் முடிவு எடுத்தார்கள். மிருகக்காட்சி சாலை ஊருக்கு வெளியே போகட்டும். வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை வனத்துறை ஒதுக்கியது. பழைய பூங்காவைப்போல ஏறத்தாழ பதினொரு மடங்கு. 1979-ல் வேலை தொடங்கியது. முதல் கட்டச் செலவு ஏழரைக் கோடி ரூபாய். பொறுப்பு மாநகராட்சியிடமிருந்து வனத்துறைக்குக் கைமாறியது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று பெயர்.

1985-க்கு வாருங்கள். பூங்கா நிலத்தில் பிறந்த இரண்டு பேருக்கும் அந்த வருடம்தான் முடிவு எழுதியிருந்தது.

மே 30. மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம், பழைய கிராமபோன், கிளி, புறா, தையல் மிஷின் என்று கிடைக்காத பொருளே இல்லாத மார்க்கெட். சென்ட்ரலை விரிவாக்க அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு முன்பே இருந்ததால், தீ எப்படிப் பிடித்தது என்று ஊர் பலவிதமாகப் பேசியது. இன்றைக்கும் பேசுகிறது. வியாபாரிகள் லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போனார்கள். இடம் ரயில்வேக்குப் போனது. நீங்கள் இறங்கும் பிளாட்பாரம் அப்படி வந்ததுதான்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 24. முதல்வர் எம்.ஜி.ஆர். வண்டலூர் உயிரியல் பூங்காவை மக்களுக்குத் திறந்துவைத்தார்.

ஜூலை 24 என்றதும் வருமான வரி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தியாவில் வருமான வரி வந்த நாள், 1860 ஜூலை 24. வரித்துறை இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறது. எந்த வரியை எதிர்த்து ட்ரெவெல்யன் பதவி இழந்தாரோ, அந்த வரியின் நூற்றியிருபத்தைந்தாவது பிறந்தநாளில்தான் அவருடைய பூங்காவிலிருந்து கிளம்பிய மிருகங்களுக்கு அதிகாரபூர்வமாகப் புது வீடு. யாரும் திட்டமிட்டதில்லை. சரித்திரம் சமயத்தில் இப்படிக் குறும்பு செய்யும்.

இப்போது கணக்குக்கு வருவோம். யாருக்கு லாபம்?

மிருகங்களுக்கு. சந்தேகமே வேண்டாம். வண்டலூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். அது மிருகக்காட்சி சாலைக்குள் நட்டுவைத்த மரங்கள் இல்லை. காட்டுக்குள் கட்டிய மிருகக்காட்சி சாலை. சின்னச் சின்ன குன்று, முள்புதர், உயரம் குறைந்த பசுமை மாறாக் காடு. ஓட்டேரி என்று ஓர் ஏரி. மழை பெய்து ஏரி நிரம்பும் காலத்தில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் யார் அழைப்பும் இல்லாமல் வந்து இறங்கும். அவற்றுக்குக் கூண்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. புலிக்கும் சிங்கத்துக்கும் ஹாகன்பெக் அகழி. நீங்கள் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். சிங்கவால் குரங்கு போன்ற அழியும் நிலையில் இருக்கிற இனங்களை இங்கே வளர்த்துப் பெருக்குகிறார்கள்.

2001-ல் பக்கத்திலேயே இன்னொரு 92 ஹெக்டேர் சேர்ந்தது. மீட்பு மையத்துக்காக. சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கை வைத்து வித்தை காட்டக்கூடாது என்று மத்திய அரசு 1998-ல் உத்தரவு போட்டது. சர்க்கஸ்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2001-ல் தோற்றார்கள். நெருப்பு வளையம் தாண்டிய சிங்கங்கள் எங்கே போகும்? காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது. பாதிக்குமேல் ஆப்பிரிக்க, ஆசியக் கலப்பு. அவற்றுக்கு ஓய்வூதியம் கொடுத்து உட்காரவைத்த இடங்களில் வண்டலூரும் ஒன்று. பார்க் டவுனில் இதை நினைத்தாவது பார்த்திருக்க முடியுமா?

எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பூங்காவைப் பல வாரங்கள் மூடிவைத்தார்கள். 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களைப் பிடித்தது. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் 3-ம் தேதி இறந்தது. பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் 16-ம் தேதி. எவ்வளவு அகலமாக அகழி வெட்டினாலும் மனிதனின் மூச்சு தாண்டிவிடுகிறது.

சரி, யாருக்கு நஷ்டம்?

உங்களுக்கு. ஆமாம், முதல் பாராவில் சந்தித்த உங்களுக்குத்தான். பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 2023-ல் 115 ரூபாயிலிருந்து 200 ஆனது. புலிக்கு இறைச்சி, மருத்துவம், ஊழியர் சம்பளம், எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் பெரியவர்களாக நாலு பேர் இருக்கும் ஒரு வீட்டுக்கு டிக்கெட் மட்டும் 800 ரூபாய். திருவள்ளூரிலிருந்து போக ஒரு நாள் முழுக்க வேண்டும். ஞாயிறு ஒருநாள்தான் லீவு என்றால், அதுவும் சில வாரங்களில் ஓவர்டைம் என்றால், வண்டலூர் வருடத்துக்கு ஒருமுறை காணும் பொங்கலோடு சரி. அன்றைக்கு அங்கே திரளும் பல்லாயிரம் பேரில் நீங்கள் சிங்கத்தைப் பார்த்தீர்களோ, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தீர்களோ.

மிருகங்களைக் காட்டுக்கு அனுப்பியது சரி. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவை காலி செய்த இடத்தில் மரங்களையாவது விட்டுவைத்திருக்கலாம். மிருகக்காட்சி சாலை போனால் பூங்காவுக்கும் வேலையில்லை என்று யார் சொன்னது? கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கிறது என்றால், ஒரு தொழிலாளி காசு கொடுக்காமல் நிழலில் உட்கார ஓர் இடம். ஜனங்களின் பூங்கா என்று பேர் வைத்தது அதற்குத்தானே? புலிக்கு 1,265 ஏக்கர் கிடைத்தது. ஜனங்களுக்குப் பேர் மட்டும் மிஞ்சியது. பார்க் டவுன்.

கதை இதோடு முடிந்திருந்தால் பழங்கதை என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

1976-ல் வண்டலூர் என்றால் ஊருக்கு வெளியே. இன்றைக்கு? கூப்பிடு தூரத்தில் கிளாம்பாக்கம். 2023 கடைசியில் அங்கே பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். தென்மாவட்டத்து பஸ்கள் அங்கேயிருந்துதான் கிளம்புகின்றன. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை. மீஞ்சூர் உங்கள் கும்மிடிப்பூண்டி லைன்தான். சொந்த வண்டி இருந்தால் ஊருக்குள் நுழையாமலே இப்போது வண்டலூர் போகலாம். உங்களுக்கு வசதி. ஆனால் அந்தச் சாலை எதைக் காட்டுகிறது? நகரம் நடந்து நடந்து மிருகக்காட்சி சாலையின் வாசலுக்கே வந்துவிட்டது. சுற்றிலும் அடுக்குமாடி, ஹாரன், புகை. பார்க் டவுனில் என்ன காரணம் சொல்லி மிருகங்களைக் கிளப்பினார்களோ, அந்தக் காரணங்கள் எல்லாம் மறுபடியும் வேலிக்கு வெளியே வந்து நிற்கின்றன.

ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்குப் போக ஒரு வண்டலூர் இருந்தது.

நல்லவேளை, அது காப்புக்காடு. துண்டு போடுவது பழைய பூங்காவைப்போல அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் விழிப்பாக இருக்கவேண்டியது அரசாங்கம் மட்டுமில்லை. எந்தப் பூங்காவும் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு துண்டு, இன்னொரு நல்ல காரியத்துக்கு இன்னொரு துண்டு என்றுதான் போகும். பீப்பிள்ஸ் பார்க்கின் சரித்திரம் நமக்குக் கொடுக்கும் பாடம் அது ஒன்றுதான்.

போகிறவர்களுக்கு சில வார்த்தைகள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வெயில் ஏறினால் சிங்கம் தூங்கிவிடும், நீங்களும் சோர்ந்துவிடுவீர்கள். பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். குரங்குக்கு முறுக்கு போடாதீர்கள், அதற்குத் தனியாகச் சாப்பாடு உண்டு. புலியைப் பார்த்துக் கத்தாதீர்கள். அது திரும்பிப் பார்க்காது, உங்கள் பிள்ளை பார்க்கும். இரண்டு மணி நேரம் மிருகம் பார்த்தபிறகு, பத்து நிமிடம் ஒரு மரத்தடியில் சும்மா உட்காருங்கள். அதற்கும் சேர்த்துத்தான் 200 ரூபாய்.

ஏனென்றால், இந்தக் கதையைத் தொடங்கிய பால்ஃபர் மிருகங்களை மட்டும் யோசித்தவரில்லை. மியூசியப் பொறுப்புக்கு வருமுன்பே, 1840-களில் அவர் ஆராய்ச்சி செய்து எழுதிய விஷயம் வேறு. மரங்களுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்பது. காடு போனால் மழை குறையும், நீர் வற்றும், பஞ்சம் வரும் என்று கம்பெனிக்காரர்களிடம் வாதாடிய டாக்டர்களில் அவரும் ஒருவர். கம்பெனி கேட்டுக்கொண்ட அளவு கொஞ்சம்தான். அவர் வைத்த மிருகக்காட்சி சாலை நூற்று முப்பது வருடம் சுற்றி அலைந்து, கடைசியில் ஒரு காட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. புலியைக் காட்டிக் கல்லைப் பார்க்கவைத்தவர் அவர். வண்டலூர் இன்றைக்குப் புலியைக் காட்டிக் காட்டைப் பார்க்கவைக்கிறது.

உயிர் காலேஜ் என்று நம் பாட்டன் பாட்டி வைத்த பேர் அந்த இடத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.